இல்லாததும் இல்லாமற் போனதும்

கணிப்பொறித் துறையில் நிரல் எழுதுகிறவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்து, 'இது சரி, இங்கே இடறும்' என்று சொல்லுகிறாரே, அவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோரைப் போன்றவர் அவர் எனலாம். ஆனால் மெய்ப்புத் திருத்துவோர் தாளில் இருப்பதைப் பார்த்தால் போதும். இவரோ தாளில் இல்லாததையும் பார்த்தாக வேண்டும். அந்த வேலை எத்தகையது என்பதை ஒரே ஒரு நிரலை முன்னால் வைத்துக்கொண்டு விளக்க முயல்கிறேன். லினக்ஸ் கெர்னலைப் பற்றிய குறிப்புகளைக் கத்தரித்துச் சிறிதாக்கும் நிரல் அது. என் முதுகலைத் திட்டப்பணியின் பொருட்டுச் சில வாரங்களாக அதைப் படித்து வருகிறேன். கணிதமும் கணிப்பொறியும் பயிலாத சங்க நண்பர்களும் அஞ்சாமல் உடன் வரலாம். வழியில் முட்கள் குறைவுதான்.

முதலில் கெர்னல் என்பது யாது? 1991-ஆம் ஆண்டில், ஃபின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மாபெரும் சர்வர் நிலையங்கள் வரை எங்கும் ஓடுகிறது. அதன் நடுநாயகமாக நின்று, எந்த நிரல் எப்போது ஓடுவது, யாருக்கு எவ்வளவு நினைவகம் தருவது என்றெல்லாம் தீர்மானிக்கும் பகுதியே கெர்னல். அதற்குள் நடப்பதை வெளியே இருந்து காண்பது எளிதன்று. அதற்காக ஏற்பட்ட ஓர் அருமையான ஏற்பாட்டுக்கு ஈ.பி.பி.எஃப். என்று பெயர். 1992-ஆம் ஆண்டில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வலைப்பின்னற் செய்திகளைச் சலித்தெடுப்பதற்காக அமைத்த சிறு பொறியமைப்பே இதன் மூலம். 2014-இல் அது லினக்ஸில் பெரிதும் விரிவடைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள், அதை நிறுத்தாமலே, ஒரு சிறிய நிரலை அனுப்பி, 'யார் எந்தக் கோப்பைத் திறந்தார்? எந்த வேலை எவ்வளவு நேரம் காத்திருந்தது?' என்று கேட்டு வரச் செய்யலாம். வாயிலில் வெரிஃபயர் என்ற காவலர் நின்று, உள்ளே சென்றால் ஊறு விளைவிக்கக்கூடிய நிரலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கெர்னல் தன்னிடமுள்ள ஒவ்வொரு வேலையையும் பற்றிய விவரங்களை 'டாஸ்க் ஸ்ட்ரக்ட்' என்ற கட்டமைப்பில் வைத்திருக்கிறது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் உண்டு: வேலையின் எண், பெயர், நிலை, பெற்றோர் இன்னோரன்னவை. நினைவகத்தில் அந்தக் கட்டமைப்பு தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் எந்த உறுப்பு இருக்கிறது என்பது கெர்னலுக்குக் கெர்னல் மாறும். புதிய பதிப்பு வந்தால் மாறும். அதே பதிப்பை வேறு அமைப்புகளுடன் உருவாக்கினாலும் மாறும். உள்வீட்டு ஒழுங்கை மாற்றமாட்டோம் என்று கெர்னல் எழுதுவோர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு கணிப்பொறியில் சரியாகப் படித்த நிரல், அடுத்த கணிப்பொறியில் வேலையின் எண் என்று எண்ணிக்கொண்டு வேறெதையோ படித்து வரும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு கெர்னலும் தன் கட்டமைப்புகளைப் பற்றிய விவரப்பட்டியலைத் தானே வைத்திருப்பதாகும். பிழைதேடுவோர்க்கென்று அத்தகைய பட்டியல் முன்பே இருந்தது. அதன் பெயர் 'டுவார்ஃப்', அதாவது குள்ளன்! பெயர்தான் குள்ளன், ஒரு கெர்னலுக்குரிய டுவார்ஃப் குறிப்புகள் நூறு மெகாபைட்டைத் தாண்டும். கெர்னலின் ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகளில் ஒவ்வொன்றும் ஒரே கட்டமைப்பை மீண்டும் மீண்டும் விவரித்துக்கொண்டிருப்பது இதற்கு ஒரு பெருங்காரணம். திரும்பத் திரும்ப வருவதை ஒன்றாக்கி, வேண்டாதவற்றைத் தள்ளி, வகைகளைப் பற்றிய செய்தியை மட்டும் வைத்துக்கொண்ட சுருக்க வடிவமே 2018-இல் லினக்ஸுக்கு வந்த பி.டி.எஃப். இது ஒரு கெர்னலுக்குச் சில மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. 2019 முதல் கெர்னலை உருவாக்கும்போதே இதை உடன் சேர்த்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

இனி நிரலை ஒருமுறை தொகுத்தால் போதும். 'டாஸ்க் ஸ்ட்ரக்டில் வேலை எண் எங்கே?' என்பது போன்ற வினாக்களைச் சிறு சீட்டுகளாக நிரலோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம். போய்ச்சேர்ந்த இடத்தில் லிப்-பி.பி.எஃப். என்ற நூலகம் அங்குள்ள பி.டி.எஃப். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு சீட்டுக்கும் விடை கண்டு, நிரலில் உரிய எண்ணைத் திருத்தி எழுதி, பிறகு கெர்னலுக்குள் அனுப்புகிறது. 'ஒருமுறை தொகு, எங்கும் ஓட்டு' என்பது இம் முறைக்கு அவர்கள் இட்ட பெயர்.

ஆனால் உலகத்தில் எல்லாரும் புதுக் கெர்னலுக்கு மாறிவிடுவதில்லையே! 4.15 பதிப்போடு வந்த உபுண்டு 18.04 போன்றவற்றில் இப் பட்டியல் கிடையாது. அங்கும் நம் நிரல் ஓட வேண்டுமானால் பட்டியலை நாமே கொண்டுபோக வேண்டும். அக்வா செக்யூரிட்டி நிறுவனத்தார் இவ்வாறான பழைய கெர்னல்களுக்கெல்லாம் பி.டி.எஃப். தயாரித்து, பி.டி.எஃப். ஹப் என்ற பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொன்றும் சில மெகாபைட், கெர்னல்களோ நூற்றுக்கணக்கில். நூறு கிலோபைட் அளவுள்ள நிரல் தன் முதுகில் இத்தனையையும் சுமப்பதா?

இவ்விடத்தில்தான் கத்தரிக்கோல் வருகிறது. நம் நிரல் கேட்கப்போகும் வினாக்கள் எவை என்பது நிரலைத் தொகுத்தவுடனே தெரிந்துவிடுகிறது; சீட்டுகள்தாம் கையில் இருக்கின்றனவே. அந்த வினாக்களுக்கு விடை சொல்லத் தேவையான வகைகளையும் உறுப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால் என்ன? கின்வோக், அக்வா செக்யூரிட்டி, எலாஸ்டிக் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து இதற்கான நிரலை எழுதி, 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லினக்ஸ் குழுவினரின் பார்வைக்கு வைத்தார்கள். பலமுறை திருத்தப்பட்டு, ஏழாம் வடிவம் 2022 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் வந்த 5.18 பதிப்பில் பி.பி.எஃப்.டூல் என்ற கருவியின் ஒரு கட்டளையாக அது இடம்பெற்றது. மெகாபைட்டில் இருந்த பட்டியல் கிலோபைட் கணக்குக்கு இறங்கிவிடுகிறது.

அளவு குறைந்ததைக் கண்டு மகிழ்வது எழுதியவர் உரிமை. படித்துப் பார்ப்பவர் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் அளவு பூஜ்யமாகக்கூட ஆகும்! அவர் கேட்க வேண்டியது இதுதான்: முழுப் பட்டியலைப் பார்த்து நிரல் பெறும் விடையும், கத்தரித்த பட்டியலைப் பார்த்துப் பெறும் விடையும் எந்த வினாவிலாவது வேறுபடுமா?

எளிய இடங்களை முதலில் பார்த்துவிடலாம். இருநூறு உறுப்புகளில் நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால், எஞ்சிய நான்கும் நெருங்கி உட்கார்ந்துவிடக் கூடாது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விட்டார் என்பதற்காக நம் இலையை நகர்த்துகிறோமா? ஒவ்வோர் உறுப்பும் பழைய இடத்து எண்ணோடே இருக்க வேண்டும். கட்டமைப்பின் மொத்த அளவும் பழைய அளவாகவே இருக்க வேண்டும். ஒரு கட்டமைப்புக்குள் இன்னொரு கட்டமைப்பு முழுதாக உட்கார்ந்திருந்து, அதன் உட்பகுதியை நிரல் கேட்கவில்லையென்றால், அது உறுப்பே இல்லாத வெற்றுக் கூடாக, ஆனால் உரிய அளவோடு, எழுதப்படுகிறது. 'அளவென்ன?' என்று கேட்கும் சீட்டும் உண்டு, ஆதலால் இது அவசியம்.

அடுத்தது எண் மாற்றம். பி.டி.எஃப். பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் வரிசை எண் ஒன்று முதல் தொடங்கும். பூஜ்யம் என்பது 'வகையற்றது' என்பதற்கு ஒதுக்கப்பட்டது. ஒரு வகை இன்னொரு வகையை இந்த எண்ணாலேயே குறிப்பிடும். நடுவில் சிலவற்றை நீக்கினால் எல்லா எண்களும் மாறும். மாறிய எண்களை எல்லா இடங்களிலும் திருத்த வேண்டும். முன்னே நிற்கும் வகை பின்னே வரும் வகையைக் குறிப்பிடுவதும் உண்டு. ஆகவே ஒரே நடையில் இதைச் செய்துவிட முடியாது. முதல் நடையில் எஞ்சியவற்றை எழுதிப் பழைய எண்ணுக்குப் புதிய எண் என்று அட்டவணை போட்டுக்கொண்டு, இரண்டாம் நடையில் திருத்துகிறார்கள். எவை எஞ்ச வேண்டியவை என்று குறித்துக்கொள்ளும் முறையும் அழகாக இருக்கிறது: பட்டியலுக்கு ஒரு மறுபடி எடுத்து, தேவையான இடங்களில் அந்தப் படியின் மேலேயே அடையாளம் இட்டுவிடுகிறார்கள். நாம் பாடப்புத்தகத்தின் நகலில் பென்சிலால் கோடு போடுவதுபோல் என்க.

சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் சுட்டி. டாஸ்க் ஸ்ட்ரக்டில் பல உறுப்புகள் தாமே செய்தியை வைத்திருப்பதில்லை. 'செய்தி அந்த முகவரியில் இருக்கிறது' என்று வேறொரு கட்டமைப்பைச் சுட்டி நிற்கின்றன. அந்தக் கட்டமைப்பு இன்னும் பத்தைச் சுட்டும். சுட்டிய இடமெல்லாம் போய், கண்டதையெல்லாம் வைத்துக்கொள் என்று எழுதிவிட்டால், ஒரு நூலை இழுக்கப்போய் வேட்டி முழுவதும் உருவி வந்த கதையாகக் கெர்னலில் பெரும்பகுதி உடன் வந்து சேரும். ஆகையால் இந்த நிரல், உறுப்புகளைக் கேட்கும் சீட்டுகளைப் பொறுத்தவரை, சுட்டியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அப்பால் இருப்பதைத் தொடர்வதில்லை.

நிற்பது சரியா? இதற்கு விடை கத்தரிக்கும் நிரலில் இல்லை என்பதே இங்குள்ள சுவை. லிப்-பி.பி.எஃப். சீட்டுக்கு விடை காணும்போது, நிரலில் உள்ள உறுப்பும் கெர்னலில் உள்ள உறுப்பும் பொருந்துமா என்று பார்க்கிறது. அந்தப் பகுதியைத் திறந்து படித்தால், இரண்டும் சுட்டிகளாக இருந்தால் போதும், எதைச் சுட்டுகின்றன என்று அது ஆராய்வதில்லை என்பது தெரியவரும். அணி என்றால் மட்டும் உள்ளே இருக்கும் வகையையும் பார்க்கிறது. சுட்டிக்கு அப்பால் உள்ள உறுப்பை நிரல் படிக்க விரும்பினால், அதற்கென்று தனிச்சீட்டு வரும். அந்தக் கட்டமைப்பு அச் சீட்டின் பெயரால் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆகவே வாசலில் நிற்பது சரிதான். ஆனால் சரி என்பதற்குச் சான்று வேறொரு கோப்பில் இருக்கிறது. படித்துப் பார்ப்பவர் தம்மிடம் கொடுக்கப்பட்ட பக்கங்களோடு நின்றுவிட்டால் இதை அறிய வழியில்லை. நாளை யாரேனும் அந்தக் கோப்பில் பொருத்த விதியைக் கடுமையாக்கினால், இங்கே ஓர் எழுத்துகூட மாறாமலே இந்த நிரல் தவறாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'எங்கே?', 'எவ்வளவு?' என்ற வினாக்களோடு, 'இருக்கிறதா?' என்ற வினாவும் உண்டு. கெர்னல் மாறிக்கொண்டே இருப்பதால் இவ் வினா இல்லாமல் காரியம் நடக்காது. டாஸ்க் ஸ்ட்ரக்டில் வேலையின் நிலையைச் சொல்லும் 'ஸ்டேட்' என்ற உறுப்பு, 2021-இல் வந்த 5.14 பதிப்பில் முன்னால் இரண்டு அடிக்கோடுகள் பெற்றுப் பெயர் மாறியது. அதன் வகையும் அகலமும்கூட மாறின. இரு கெர்னல்களிலும் ஓட விரும்பும் நிரல், 'புதுப் பெயர் இருக்கிறதா? இருந்தால் அதைப் படி. இல்லையேல் பழையதைப் படி' என்று எழுதப்படுகிறது.

வடநாட்டுக்குப் புதிதாக வரும் நம்மவர் பலர் பையில் ஒரு சிறிய இந்திக் கையகராதி வைத்திருப்பார்கள். தேடிய சொல் அதில் அகப்படவில்லையென்றால் என்ன நினைக்கிறோம்? 'இது சின்ன அகராதி, பெரிய அகராதியில் இருக்கும்' என்று நினைக்கிறோம். 'இச் சொல் இந்தியிலேயே கிடையாது' என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ஆனால் லிப்-பி.பி.எஃப். அப்படித்தான் முடிவு கட்டும். தன் கையில் இருப்பது கையகராதி என்பது அதற்குத் தெரியாது. பி.டி.எஃப். கோப்பின் தலைப்பில், 'இது கத்தரிக்கப்பட்டது, இன்ன நிரலுக்காகக் கத்தரிக்கப்பட்டது' என்று எழுத இடமே கிடையாது. கெர்னலில் இல்லாததும், கத்தரிக்கோலால் இல்லாமற் போனதும் அதன் கண்ணுக்கு ஒன்றே.

எனவே 'இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டு மதிப்பைப் படிக்காத சீட்டும், படிக்கும் சீட்டைப் போலவே அந்த உறுப்பைப் பட்டியலில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த நிரல் அதைச் சரியாகவே செய்கிறது. உறுப்பைப் பற்றிய ஆறுவகைச் சீட்டுகளும் ஒரே வழியாகச் சென்று அடையாளம் பெறுகின்றன.

ஆபத்து கத்தரித்த அன்று வருவதில்லை, பின்னர் வருகிறது. இம் மாதம் நிரலில் புதிதாக ஒரு வினா சேர்க்கப்படுகிறது. உடன் அனுப்பப்படும் பட்டியலோ சென்ற மாதம் கத்தரித்தது என்று வைத்துக்கொள்வோம். வினா, 'எங்கே?' என்பதானால் நல்லது. விடை கிடைக்காத இடத்தில் லிப்-பி.பி.எஃப். ஒரு நச்சுக் கட்டளையை எழுதிவைக்கும்: 195896080 என்ற எண்ணுள்ள, இல்லவே இல்லாத, துணைச் செயலை அழைக்கச் சொல்லும் கட்டளை. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அவ் வெண்ணை எழுதிப் பார்த்தால், 'கெட்டது' என்று பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் முன்னால் நிற்கும். பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு! நிரல் அக் கட்டளையை அடையக்கூடும் என்று கண்டால் வெரிஃபயர் உள்ளே விடாது. நிரல் ஓடாது, எல்லாரும் கவனிப்பார்கள், தவறு அன்றே வெளிப்படும்.

வினா, 'இருக்கிறதா? இருந்தால் எண்ணிக்கையைப் படி, இல்லையேல் பூஜ்யம் என்று கொள்' என்பதானால்? உறுப்பு கெர்னலில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. விடை 'இல்லை' என்று வரும். நச்சுக் கட்டளை இருக்கும் கிளைக்கு நிரல் போகவே போகாது என்பதால் வெரிஃபயரும் தலையசைத்து உள்ளே விடும். நிரல் ஓடும், திரையில் பூஜ்யம் வரும், நாள்தோறும் வரும். ஒரு சர்வரில் அத்துமீறல் நடக்கிறதா என்று காவல் பார்க்கும் நிரலாக அது இருந்தால், 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அது நாள்தோறும் உறுதி கூறிக்கொண்டிருக்கும். பொறுப்பாளரும் நிம்மதியாக உறங்குவார்.

ஆகவே நான் இந்த வகை நிரல்களைப் படிக்கும்போது, 'கத்தரிப்பு எவ்வளவு நேர்த்தி?' என்பதைவிட, 'எப்போது கத்தரிக்கப்படுகிறது?' என்பதை முதலில் தேடுகிறேன். நிரலைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் அதே செயல்வரிசையில் பட்டியலும் புதிதாகக் கத்தரிக்கப்பட வேண்டும். பழைய பட்டியலைக் களஞ்சியத்தில் போட்டுவைத்து, நேரம் மிச்சம் என்று எடுத்து ஒட்டும் ஏற்பாட்டுக்கு நான் இசையமாட்டேன். பல நிரல்கள் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், கட்டளையில் அவையனைத்தையும் ஒருசேரக் கொடுக்கலாம். எல்லாருடைய தேவையும் சேர்ந்தே வரும்.

2021-22-இல் நடந்த பரிசீலனையில் இரண்டு செய்திகள் என் மனத்தைக் கவர்ந்தன. முதல் வடிவத்தில் கத்தரிப்பு வேலை லிப்-பி.பி.எஃப். நூலகத்தின் பொதுச் செயல்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. பொதுச் செயல் என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அதைப் பயன்படுத்துவோர் பெருகிவிடுவர், பின்னர் மாற்ற முடியாது. இறுதியில் அது பி.பி.எஃப்.டூல் கருவிக்குள் அடங்கியது. அப்படி இடம் பெயர்ந்தபோதும், சீட்டுக்கு விடை காணும் பகுதியைக் கருவிக்கென்று புதிதாக எழுதவில்லை; நூலகம் பயன்படுத்தும் அதே மூலக் கோப்பையே கருவியிலும் சேர்த்துத் தொகுத்தார்கள். இது மிகவும் போற்றத்தக்கது. வினாவுக்கு விடை காண்பவர் ஒருவர், எந்த விடை தேவைப்படும் என்று ஊகிப்பவர் வேறொருவர் என்றிருந்தால், என்றாவது ஒருநாள் இருவரும் மாறுபடுவார்கள்.

மற்றொன்று சோதனை. கத்தரிப்புக்கென்று தனிச் சோதனைகளைக் குவிக்காமல், இடத்திருத்தத்துக்காக முன்பே இருந்த சோதனைகளை எடுத்து, முழுப் பட்டியலுக்குப் பதில் கத்தரித்த பட்டியலைக் கொடுத்து மறுபடி ஓட்டினார்கள். விடை முன்போலவே வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வினாவில் மட்டும் இரு பட்டியல்களும் ஒத்துப்போக இயலாது: 'கெர்னல் பட்டியலில் இவ் வகையின் வரிசை எண் என்ன?' என்பது. கத்தரித்தபின் எண்கள் மாறிவிட்டன அல்லவா? பட்டியலே இல்லாத பழைய கெர்னலில் அந்த எண்ணால் பயனில்லை, ஆகவே கேடும் இல்லை. சொந்தப் பட்டியல் உள்ள புதுக் கெர்னலில், பழக்கத்தால் கத்தரித்த பட்டியலைக் கொடுத்து, அதில் பெற்ற எண்ணைக் கெர்னலிடமே நீட்டினால் வேறேதோ வகையைக் காட்டும். இத்தகைய வினா நிரலில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் செலவிடலாம்.

விடுதியில் லினக்ஸ் உள்ள கணிப்பொறி வைத்திருப்போர் இதையெல்லாம் கண்ணாலேயே காணலாம். பி.பி.எஃப்.டூல் கருவியை நிறுவி, கெர்னலின் முழுப் பட்டியலைக் கொட்டச் சொன்னால் திரை நெடுநேரம் ஓடும். சிறிய ஈ.பி.பி.எஃப். நிரல் ஒன்றுக்காகக் கத்தரித்து அதையும் கொட்டிப் பாருங்கள். சில பக்கங்களில் முடிந்துவிடும். இரண்டிலும் டாஸ்க் ஸ்ட்ரக்டைத் தேடி அருகருகே வைத்தால், மொத்த அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். உறுப்புகள் மட்டும் இங்கே நூற்றுக்கு மேல், அங்கே மூன்றோ நான்கோ.